காலிப் பெட்டிக்கும் காவல்

வண்டியில் ஏறுவதற்கு முன் கோதண்டம் அதை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். டயரைக் காலால் உதைப்பார். பின்கதவுப் பூட்டை இழுத்துப் பார்ப்பார். குனிந்து வண்டிக்கு அடியில் எட்டிப் பார்ப்பார். அங்கே மண்ணூர் தெருநாய் ஒன்று படுத்திருக்கும். அதையும் சந்தேகமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, என் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து, கழுத்தில் தொங்கும் சாவிக்கொத்தைச் சட்டைக்குள் தள்ளிக்கொண்டு சொல்வார்:

"எட்றா சின்னப்பையா. வழில எங்கியும் நிறுத்தாத."

சின்னப்பையன் என்பது நான். ஐம்பது தாண்டியும் அதுதான் பெயர். எங்கள் கம்பெனிக் காவல்காரரான அந்த ஆளோடு வண்டி ஓட்டிய காலமெல்லாம் ஒரு நாள் தவறாமல் இதைக் கேட்டேன். ஒரே ஒரு நாள் கேட்டது மட்டும் ஆறு வருஷமாக நெஞ்சில் முள்ளாக நிற்கிறது.

ஐப்பசி மழை. ஏரித் தண்ணீர் ரோட்டில் ஏறி பஸ் எதுவும் ஓடவில்லை. வல்லம் நிறுத்தத்தில் என் மகள் மதிவதனி, சர்ட்டிபிகேட் எல்லாம் வைத்த பிளாஸ்டிக் கவரை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அன்றைக்கு அவளுக்கு ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் இன்டர்வியூ. கான்ட்ராக்ட் கிடையாது, கம்பெனி ரோல், நிரந்தர வேலை. தூரத்திலேயே என் வண்டி தெரிந்துவிட்டது அவளுக்கு. முகம் மலர்ந்து கையை நீட்டினாள். நான் பிரேக்கில் கால் வைத்தேன்.

"நிறுத்தாத" என்றார் பக்கத்திலிருந்து.

"என் பொண்ணுண்ணா!"

"பொண்ணாருந்தா இன்னா? பின்னால பொட்டி கீது. போ. அந்தாண்ட பாக்காத."

சொல்லிவிட்டு, தான் முகத்தை இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார், அவளை முன்பின் பார்த்தே இராதவர் போல. எங்கள் வீட்டில் அவள் கையால் காபி வாங்கிக் குடித்தவர்தான். வண்டியை நிறுத்தியிருந்தால் சாயங்காலத்துக்குள் என் வேலை போயிருக்கும். போட்டுக்கொடுக்க அவர் யோசிக்கவே மாட்டார். ஓட்டினேன். என் டயர் தெறித்த சேற்றுத் தண்ணீர் அவள் சுடிதாரில் விழுந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். நீட்டிய கை இறங்கவில்லை. அவள் நடந்தே போய்ச் சேர்ந்தபோது அங்கே கேட் சாத்திவிட்டார்கள். இன்றைக்கு அவள் ஒரு செல்போன் கம்பெனி லைனில் கான்ட்ராக்டில் நிற்கிறாள். ஷிப்ட் முடிந்து வந்தால் காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்காருகிறாள். பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோதண்டத்தின் திருப்பிய முகம்தான் ஞாபகம் வரும்.

பெட்டி என்ன பெட்டி என்று கேட்பீர்கள். கை ஒடிந்தால் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறார்கள் இல்லையா, அதைப்போல இரும்புக்கும் எடுக்க வேண்டியிருக்கிறது. இந்த வட்டாரத்துப் பட்டறைகளில் பாய்லர், டேங்க், ஆள் தவழ்ந்து போகிற குழாய் எல்லாம் வெல்டிங் வைக்கிறார்கள். வெல்டிங்குக்குள் ஓட்டை இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. எங்கள் கம்பெனி ஆட்கள் போய்ப் படம் எடுத்துச் சொல்வார்கள். அதற்குத்தான் இந்தப் பெட்டி. மஞ்சள் பெயிண்ட் அடித்தது, தையல் மிஷின் மூடி அளவுதான் இருக்கும். தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். உள்ளே பட்டாணியைவிடச் சின்னதாய் ஓர் உலோகத் துண்டு. சோர்ஸ் என்பார்கள். அதிலிருந்து கதிர் வந்துகொண்டே இருக்கும். பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கிற வரை அது சாது. விவரம் தெரியாமல் எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டவனுக்கு அந்தத் தொடை மிஞ்சாது. சில மாசத்தில் வீரியம் குறைந்துபோகும். பழசைத் திருப்பி அனுப்பிவிட்டுப் புதுசு வாங்குவார்கள்.

இந்த மாதிரி துண்டை எவனாவது தீவிரவாதி தூக்கிப்போய் வெடிகுண்டோடு சேர்த்து வெடித்தால், ஒரு ஊரே வீட்டைப் போட்டுவிட்டு ஓட வேண்டியிருக்குமாம். அணுகுண்டு, விஷவாயு, நோய்க்கிருமி, இதையெல்லாம் அப்படிப்பட்டவன் கையில் சிக்காமல் காக்க உலக நாடுகள் கூடிக் கூடிப் பேசுகின்றன. கூடுகிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் குண்டு அடுக்கிவைத்திருக்கிறார்கள். அவர்கள்தான் முன்வரிசை. கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, முந்திரி தின்று, போட்டோ எடுத்துக்கொண்டு விமானம் ஏறிவிடுவார்கள். அவர்கள் பேசிய பேச்சு கடல் தாண்டி, டெல்லி தாண்டி, இறங்கி இறங்கி, கடைசியில் மண்ணூரில் எங்கள் கம்பெனி ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே கோதண்டத்தின் கழுத்துச் சாவிக்கொத்தில் வந்து முடியும். உலகத்தைக் காப்பாற்ற அவர்களுக்குக் கிடைத்த ஆள் இவர்.

ஆளைப் பாருங்கள். மீசைக்கு மட்டும் மை, தலை வெள்ளை. சட்டைப் பையில் கதிர் அளக்கிற பேட்ஜ் குத்தியிருப்பார், அதன்மேல் வியர்வை படக் கூடாதென்று கைக்குட்டையை மடித்து வைத்திருப்பார். சாப்பாட்டுக் கேரியரைச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து தின்பார். என்ன குழம்பு என்று கேட்டால் "உனுக்கு இன்னாத்துக்கு?" என்பார். வத்தக்குழம்பில்கூட ஏதோ ரகசியம். மணிமங்கலத்தில் அவர் வீட்டுக்குப் பூட்டு கிடையாது. கதவுக்குக் கயிறு கட்டியிருக்கும். சொந்த சைக்கிளை வாசலில் விட்டு இரண்டு தடவை திருட்டுக் கொடுத்தவர். "கம்பெனி பொட்டியத் தூக்கத் தெரியாதவன் என் சைக்கிளத் தூக்கிகினு போவட்டும்" என்று அதிலும் ஒரு பெருமை.

ஒரு தடவை ஹைவேயில் ஒரு ஸ்டார் ஓட்டலில் வெளிநாட்டு அமைப்பு ஒன்று பயிற்சி வைத்தது. எங்கள் மேனேஜர் தளவாய், கோதண்டத்தை அனுப்பினார். தளவாய் திருநெல்வேலிக்காரர், எதற்கும் அலுங்காமல் நாற்காலியில் சாய்ந்திருக்கிற மனுஷன். நான் வெயிலில் பார்க்கிங்கில் கிடந்தேன். சாயங்காலம் கோதண்டம் தலையில் நீலத் தொப்பி, தோளில் பை, கையில் தண்ணீர் பாட்டிலோடு வந்தார். எல்லாவற்றிலும் அந்த அமைப்பின் முத்திரை.

"இன்னாணா சொல்லிக் குட்த்தாங்க?"

"படம் போட்டாங்க. ஒர்த்தன் மூஞ்ச மூடிகினு, துப்பாக்கி புட்சிகினு செவுரு ஏறிக் குதிக்கிறான். அவன்தான் தீவிரவாதியாம்." ஜன்னலுக்கு வெளியே துப்பினார். "அந்த மாரி வந்தா நம்ம கேட்டாண்ட கீற நாயே புட்சிக் குட்த்துடும். நெசமா வர்றவன் அப்டியா வருவான்? டீ வாங்கிக் குட்த்துகினு வருவான்டா. உன்ன மாமான்னு கூப்டுகினு வருவான்."

அன்றிலிருந்து அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தவனெல்லாம் தீவிரவாதி. பொங்கலுக்கு ஸ்வீட் பாக்ஸ் கொண்டுவந்த கேஸ் கம்பெனி ஆளை வாசலோடு திருப்பி அனுப்பினார். அது சிரிப்பு. சிரிப்பு வராத ஒன்றும் உண்டு. ஜார்க்கண்டிலிருந்து வந்த வெல்டர் ஒருத்தன் எங்கள் வண்டிப் பக்கத்தில் நின்று தன் பெண்டாட்டிக்கு அனுப்ப செல்பி எடுத்தான். மஞ்சள் வண்டி, அழகாக இருக்கிறதென்று எடுத்திருப்பான். கோதண்டம் அவன் போனைப் பிடுங்கி, ஸ்டேஷனுக்கு ஆள் விட்டு, நாள் பூராவும் அவனை பெஞ்சில் உட்காரவைத்தார். அவன் கண்கலங்கி வெளியே வந்தபோது ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்டாரா? "கம்ளைண்டு குட்த்ததுல இன்னா தப்பு? இப்ப அவன் நல்லவன்னு ஸ்டேஷன்லயே சொல்ட்டாங்கல்ல, அவனுக்குத்தான் லாபம்" என்றார். இந்த ஆளை நான் எப்படி மெச்சுவது?

என் மகள் விஷயத்துக்கு வருகிறேன். மழை நாள் கழிந்து இரண்டு மூன்று மாசம் இருக்கும். தளவாய் பேச்சுவாக்கில் சொன்னார், "அந்த மழை சமயத்துல பழைய சோர்ஸு போயிருச்சி, புதுசு வந்து சேரல. வெறும் பெட்டியத்தான சர்வீசுக்குக் கொண்டுபோனீரு?"

நேரே குழி ரூமுக்குப் போனேன். குழி ரூம் என்பது பெட்டிகள் வைக்கிற இடம். தரையில் காங்கிரீட் குழி, மேலே இரும்பு மூடி, மூடிக்கு இரண்டு பூட்டு. கோதண்டம் மூடிமேல் ஈரத்துணி போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு மழைல பொட்டி காலியா?"

"ஆமா."

"தெரியுமா உனுக்கு?"

"நாந்தானடா பூட்னேன். எனுக்குத் தெரியாம?"

"காலிப் பொட்டிக்காவ என் பொண்ண நடு ரோட்ல உட்டு வந்தியா?"

துணியைப் பிழிந்தார். "கத்தாத. காலியா கீற அன்னிக்கு வண்டி நின்னா, நிக்காம போற அன்னிக்கு சரக்கு கீதுன்னு தெரிஞ்சிடும்ல? அதான், என்னிக்கும் நிக்கக் கூடாது."

"யாருக்குய்யா தெரியும்? அந்த மழைல நின்னது என் பொண்ணு ஒர்த்தி!"

"யாருன்னு தெரிஞ்சா நா ஏன்டா பயப்பட்றேன்?"

அடிக்கத்தான் கை வந்தது. அடக்கிக்கொண்டு திரும்பினேன். வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து கேட்டார், "பொண்ணுக்கு அன்னிக்கு ஜொரம் கிரம் வந்துச்சா?" மூன்று மாசம் கழித்து.

அதற்குப் பிறகும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வண்டி ஓட்டினேன். வேறு என்ன செய்ய? அவர் "நிறுத்தாத" என்பார், நான் கியரைப் போடுவேன். இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சு அவ்வளவுதான்.

இப்போது சென்ற வருஷத்து ஆயுத பூஜை. எங்கள் பக்கம் எப்படி என்று தெரியும். அன்றைக்கு ஒவ்வொரு கம்பெனியும் கேட்டைத் திறந்து வைக்கும். மிஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று, மாலை. உள்ளூர் ஜனங்கள் குடும்பத்தோடு வந்து மிஷினைச் சுற்றிப் பார்த்துப் பொரி, கடலை, சுண்டல் வாங்கிப் போவார்கள். மற்ற நாளில் ஐடி கார்டு இல்லாமல் எம்.எல்.ஏ. வந்தாலும் மறிக்கிற செக்யூரிட்டி, அன்றைக்கு நெற்றியில் பட்டையோடு நின்று எல்லாரையும் வாங்க வாங்க என்பான். பூஜை போட்ட சாமானை அன்றைக்கு யாரும் எடுத்துப் புழங்கக் கூடாது. மறுநாள் காலையில்தான் எடுக்க வேண்டும்.

அந்த வாரம் பார்த்து, பயிற்சி கொடுத்த அதே வெளிநாட்டு அமைப்பிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். சின்னக் கம்பெனிகளில் பெட்டியை எப்படிப் பாதுகாக்கிறார்கள் என்று பார்த்து எழுதிக்கொண்டு போக. தளவாய்க்கு மூளை வேலை செய்தது.

"பூசையன்னைக்கே வரச் சொல்லியாச்சி. வெள்ளைக்காரன் நம்ம பூசையப் பாக்கட்டும்வே. இந்த வருசம் பெட்டியையும் பூசைல வச்சிரும். ஸ்பானரையும் கயித்தையும் வச்சா போட்டோல நல்லாவா இருக்கும்?"

"ஊரே வரும் சார் பொரிக்கு. பொட்டி வாணாம்" என்றார் கோதண்டம்.

"சாமிக்கு முன்னால வைக்கதுக்கு என்னவே பயம்? சொன்னதச் செய்யும்."

கோதண்டம் தலையை ஆட்டிவிட்டுப் போனார். சொன்னதைச் செய்கிற ஆள் இல்லை அவர். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பூஜை அன்று பந்தலுக்குக் கீழே, சரஸ்வதி படத்துக்கு முன்னால், வாழையிலை விரித்த ஸ்டூலில் மஞ்சள் பெட்டி உட்கார்ந்திருந்தது. சாமந்தி மாலை, சந்தனப் பொட்டு, மேலே ஒரு எலுமிச்சம்பழம். பிள்ளைகள் அதைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தன. பக்கத்தில் கோதண்டம், நீலத் தொப்பி, வெள்ளை வேட்டி, எல்லாரையும் முறைத்தபடி. வந்தவர்கள் மூன்று பேர். வெள்ளைக்காரர் இரண்டு பேர், பேச்சை மாற்றிச் சொல்ல மொடமொடவென்று கஞ்சி போட்ட காட்டன் புடவையில் நம் ஊர் அம்மாள் ஒருத்தர். உள்ளே ஹாலில் தளவாய்க்கு ஸ்கிரீன் கட்டி, தீவிரவாதிகள் எந்தெந்த வழியாக உள்ளே வரலாம் என்று அம்பு போட்டுக் காட்டினார்கள். அதே நேரம் வெளியே திறந்த கேட் வழியாகப் பாதி மண்ணூர் உள்ளே வந்துகொண்டிருந்தது.

கற்பூரம் காட்டி முடிந்ததும் வெள்ளைக்காரர்கள் மாலை போட்ட பெட்டியோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அதில் உயரமானவர், பையிலிருந்து கதிர் அளக்கிற மீட்டரை எடுத்துப் பெட்டியோரம் நீட்டினார். சோர்ஸ் உள்ளே இருந்தால் மீட்டர் படபடவென்று கத்தும். அது கொஞ்சம் முணுமுணுத்தது, அவ்வளவுதான். மறுபடி நீட்டினார். மறுபடி முணுமுணுப்பு. அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது.

"பெட்டி காலியா இருக்குன்னு சொல்றார். சோர்ஸ் எங்கேன்னு கேக்கறார்" என்றார் புடவை அம்மாள்.

தளவாய் கையிலிருந்த சுண்டல் தொன்னை கீழே விழுந்தது. "கோதண்டம்! சோர்ஸு எங்கவே?"

"கீது சார்."

"எங்க கெடக்கு?"

"கீற எடத்துல கீது."

எனக்கு அப்போது புரிந்துவிட்டது. எங்களிடம் ஒரே அச்சில் இரண்டு பெட்டி. ஒன்றில் சோர்ஸ், இன்னொன்று அந்த மாசம் காலி. மேனேஜர், வெள்ளைக்காரர், சரஸ்வதி எல்லாரையும் சேர்த்து ஏமாற்றி, காலிப் பெட்டிக்குப் பொட்டு வைத்து உட்கார்த்தியிருக்கிறார் மனுஷன். நிஜப் பெட்டி குழியில். அதைச் சொல்லித் தொலைத்தால் முடிந்தது. சொல்ல வேண்டுமே!

"சொல்லும்வே, வேலை போயிரும் ஒமக்கு!"

"கூட்டம் போவட்டும் சார். சொல்றேன்."

"இவங்ககிட்டயாவது சொல்லும்!"

கோதண்டம் மூன்று பேரையும் மேலும் கீழும் பார்த்தார். "இவங்கோ யாரு சார்?"

"ஒமக்குப் பயிற்சி குடுத்தவங்கவே! ஒம்ம தலையில கெடக்க தொப்பி அவங்க குடுத்ததுதான்!"

"தொப்பி குட்த்தவன்லாம் மாமனா மச்சானா?"

இதைப் புடவை அம்மாள் எப்படி மாற்றிச் சொன்னாரோ தெரியாது, உயரமான வெள்ளைக்காரர் தன் கழுத்து அட்டையைத் தூக்கிக் கோதண்டத்தின் மூக்குக்கு நேரே காட்டினார். கோதண்டம் அதை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அட்ட பிரிண்டு போட்ற கட நம்ம சுங்குவார்சத்திரத்துலயே கீது" என்று திருப்பிக் கொடுத்தார்.

அதற்குள் பின்னால் சுண்டல் அண்டாவிடம் நின்ற துப்புரவு வேலை சின்னப்பொண்ணு காதில் ஏதோ அரைகுறையாக விழுந்துவிட்டது. "அய்யய்யோ, அணுகுண்டு காணோமாம்! ஓடுங்கடி!" என்று ஒரு கத்து. அவ்வளவுதான். பொரி ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஜனம் கேட்டுக்குப் பறந்தது. அந்த ஓட்டத்திலும் சின்னப்பொண்ணு சுண்டல் அண்டாவை விடவில்லை. உலகத்துப் பயங்கரவாதத்தை ஒழிக்க வந்த மூன்று பேரும் அதற்குள் காரில் ஏறிக் கண்ணாடியை ஏற்றிவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் முற்றம் துடைத்தது மாதிரி ஆகிவிட்டது. பந்தல், படம், மாலை போட்ட காலிப் பெட்டி, கோதண்டம், தளவாய், நான்.

கோதண்டம் நிதானமாக நடந்துபோய் கேட்டைச் சாத்த ஆரம்பித்தார். என்னைப் பார்த்தார். "நீயும் போ."

"நான் வண்டிக்காரன்ணா!"

"வண்டி வெளியதான கீது? போடா."

என் முகத்துக்கு நேரே தாழ்ப்பாள் விழுந்தது. உள்ளே நடந்ததைத் தளவாய்தான் பிறகு சொன்னார். கோதண்டம் கழுத்திலிருந்து சாவியை எடுத்து இரண்டு பூட்டையும் திறந்தாராம். குழிக்குள் நிஜப் பெட்டி பத்திரமாக இருந்ததாம். அதன் நெற்றியிலும் சின்னதாக ஒரு குங்குமப் பொட்டு. காலையில் யாரும் வருவதற்கு முன்னாலேயே அதற்குத் தனியாகக் கற்பூரம் காட்டி முடித்திருக்கிறார்.

இதோடு முடிந்திருக்கும். ஆனால் வந்தவர்கள் எதையாவது எழுத வேண்டுமே! நன்றாக யோசித்து எழுதினார்கள். குழிக்கு இரண்டு பூட்டு, இரண்டு சாவி. ஒன்று மேனேஜரிடம், ஒன்று காவல்காரரிடம் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே ஆள் கழுத்தில் தொங்கியது பெரிய குற்றம். சரிதான், குற்றம்தான். அந்தச் சாவி எப்படி அங்கே போனது? காலையில் சீக்கிரம் வர அலுத்துக்கொண்டு, "நீரே வச்சிக்கிடும்வே" என்று தளவாய் தூக்கிக் கொடுத்தது. அதை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஊரையே கூப்பிட்டுக் கேட்டைத் திறந்து வைத்ததைப் பற்றி ஒரு வரி இல்லை; அது கலாச்சாரமாம், ரொம்ப நன்றாக இருந்ததாம். கடைசியில், காவல்காரர் அதிகாரிகளுக்கு ஒத்துழைக்கவில்லை, இப்படிப்பட்ட பொறுப்புக்குத் தகுந்தவரா என்று பார்க்கவும் என்று ஒரு போடு.

தீபாவளிக்கு முன்னாலேயே தளவாய் கூப்பிட்டு அனுப்பினார். கோதண்டம் சண்டை போடவில்லை. சாவிக்கொத்தைக் கழுத்திலிருந்து கழற்றி மேஜையில் வைத்தார். பேட்ஜைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைத்து வைத்தார். நீலத் தொப்பியையும் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தார். "பூட்டு ரெண்டும் மாத்திடுங்க சார். எனுக்கு இதோட அச்சு தெரியும்" என்றார். தன்னையே நம்பாத ஆள்! வாசலில் என்னைத் தாண்டிப் போனபோது நான் போனைப் பார்ப்பது போல இருந்தேன். சந்தோஷம்தான் வந்திருக்க வேண்டும். வந்தது போலத்தான் இருந்தது.

அவர் இடத்துக்கு அன்பு என்று ஒருத்தர் வந்தார். டிப்ளமா படித்து, பரீட்சை எழுதி, சர்ட்டிபிகேட்டோடு வந்தவர். நல்ல மாதிரி. என்னை அங்கிள் என்கிறார். வண்டியைச் சுற்றுவதில்லை, டயரை உதைப்பதில்லை. "டீ அடிச்சிட்டுப் போலாமா அங்கிள்?" என்று வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தச் சொல்கிறார். பிரியாணிக் கடையில் வண்டியை விட்டு இரண்டு பேரும் இறங்கிச் சாப்பிட்டிருக்கிறோம், பின்னால் பெட்டியோடு. நாங்கள் எங்கே போகிறோம் என்று பெண்டாட்டி கவலைப்படுவாளாம்; போனில் லைவ் லொகேஷன் போட்டு அனுப்பிவிட்டுத்தான் சீட்டில் உட்காருகிறார். அந்த அமைப்பு இவருக்கும் ஒரு நீலத் தொப்பி அனுப்பியிருக்கிறது.

போன கார்த்திகையில் மறுபடி மழை. சோர்ஸ் ஏற்றிய பெட்டியோடு ஒரகடம் போய்க்கொண்டிருந்தோம். அன்பு தலையைக் குனிந்து போனில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். வல்லம் நிறுத்தத்தில் ஒரே ஒரு ஆள். குடை இல்லை. செக்யூரிட்டி யூனிபார்ம் தொப்பலாக நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. மீசையிலிருந்து கருப்பாக மை ஒழுகிக்கொண்டிருந்தது. ஏதோ கிடங்கில் வாட்ச்மேன் வேலை என்று கேள்விப்பட்டிருந்தேன். பஸ்ஸுக்கு நிற்கிறார்.

என் கால் தானாகப் பிரேக்குக்குப் போய்விட்டது. எதற்கு என்று கேட்டால் தெரியாது. ஏற்றிக்கொள்ளவா, இல்லை கிட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தி, அவர் ஏறக் கை நீட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடவா? வண்டி ஊர்ந்து அவர் பக்கம் போனது. கண்ணாடியை இறக்கினேன்.

அவர் ஏற வரவில்லை. முதலில் ரோட்டின் அந்தக் கோடியைப் பார்த்தார், பிறகு இந்தக் கோடியைப் பார்த்தார். மழையைத் தவிர யாரும் இல்லை. பின்கதவுப் பூட்டு மேல் ஒரு கண் போய் வந்தது. அப்புறம்தான் என்னிடம், பல்லைக் கடித்துக்கொண்டு, உதடு அசையாமல் சொன்னார்:

"இன்னாத்துக்கு ஸ்லோ பண்ற? போ. நிறுத்தாத."

சொல்லிவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்து, என்னை முன்பின் பார்த்தே இராதவர் போல, முகத்தை நிழற்குடைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.